கேள்வி பதினொன்று

மூன்று பக்கப் படிவம்.
மல்லாவிச் சந்தியில், போன் திருத்துகிற கடையில்
அச்செடுத்தேன், பக்கத்துக்கு இருபது ரூபாய்.
ஜோர்ஜியா. ஆறு பேர். எட்டு நாள்.
குகைக்குள் ஊர்தல்,
பாறையிலிருந்து கயிற்றில் இறங்குதல்,
ஒரு நாள் மட்டும் சும்மா இருத்தல்.

பாமதி சூரிச்சிலிருந்து காசு கட்டிவிட்டாள்.
"நீ வராட்டித் திருப்பித் தரமாட்டாங்களாம்"
என்று குரல் வந்தது,
பின்னால் அவளுடைய உடுப்புத் தோய்க்கும் மெசின் சுற்றுகிற சத்தம்.
பத்தாம் வகுப்பில் மதில் பாயப் பயந்து
என் முதுகில் ஏறி மிதித்தவள்.
இப்போது அவளுக்கு மலை வேண்டும்.

உயரப் பயம் உண்டா?
கூட்டுறவுக் கடையில் பதினான்கு வருடம்,
மேல்தட்டுச் சவர்க்காரப் பெட்டி இறக்குவது நான்தான்.
இல்லை.
ஒவ்வாமை? கணவாய்.
இரத்த வகை? அது நித்திரையிலும் தெரியும்.
நிறை? மூன்று கிலோ குறைத்துப் போட்டேன்.

பதினொன்றில் நின்றுவிட்டேன்.
தொடர்ந்து இரண்டு மணித்தியாலத்துக்கு மேல்
நிலத்துக்குக் கீழே இருந்த அனுபவம் உண்டா?
உண்டெனில் எந்த இடம், எத்தனை தடவை,
வழிகாட்டியின் பெயர்.

படிவத்தை மடித்து வைத்துவிட்டுக்
கிணற்றடிக்குப் போனேன்.

ஆவணி. அடியில் முழங்காலளவு தண்ணீர்.
தேவசகாயத்திடம் இரவல் வாங்கிய மாட்டுக்கயிறு,
முதிரையில் மூன்று சுற்று.
போனுக்குள் ஒரு வெள்ளைப் பெட்டை சொல்கிறாள்:
முகத்தைக் கல்லுக்குக் கொடு,
முதுகைக் காற்றுக்குக் கொடு,
கதிரையில் இருப்பதுபோல் கயிற்றில் இரு.
முதுகைக் காற்றுக்குக் கொடுக்க
எனக்குக் கால்மணி நேரம் எடுத்தது.
கொடுத்தேன்.

எட்டடி.
சீமெந்து முடிந்து கல்லுக்கட்டுத் தொடங்கும் இடத்தில்
ஒரு தவளை என்னைப் பார்த்தது.
இரண்டு பேரும் அசையவில்லை.
உள்ளங்கை எரிந்தது. சிரிப்பு வந்தது.
நாற்பத்து மூன்று வயதில்
எனக்காக மட்டும் செய்த முதல் மடைத்தனம்.

அப்போது மேலே ஒரு தலை.
பிறகு நாலு. பிறகு வானமே கொஞ்சம்தான்.
"ஐயோ, கிணத்துக்குள்ள!"
கனகேஸ்வரி அக்கா நெஞ்சில் அடித்தபடி கேட்டா,
"எந்தக் கொம்பனியடி? எவ்வளவு கடன்?"
"கடன் இல்லை அக்கா."
"எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுறவை."
"முதல்ல தூக்குங்கோ, கணக்கைப் பிறகு பாப்பம்."
நான் கத்தினேன்: "பயிற்சி! இது பயிற்சி!"

அந்தச் சொல் விழுந்ததும்
மேலே ஒருவரும் மூச்சு விடவில்லை.
"இப்ப இஞ்ச ஆரும் பயிற்சி எடுக்கிறேல்லைப் பிள்ளை"
என்றார் கிராம சேவகர்,
தண்ணீருக்குக் கேட்காத குரலில்.

தூக்கி, தண்ணீர் தந்து, விசாரித்தார்கள்.
காசு கட்டியோ குகைக்குள்ள போறது?
ஓம்.
உள்ளுக்கு என்ன இருக்கு?
இருட்டு.
வெளியில வர விடுவாங்களோ?
பின்னேரம் அஞ்சு மணிக்கு.
கனகேஸ்வரி அக்காவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.
"அஞ்சு மணிக்கோ" என்றா,
கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடியும்,
"அஞ்சு மணிக்கோ."

இரவு படிவத்தை விரித்தேன்.
உண்டு.
இடம் என்று அவர்கள் விட்ட கோடு
ஒரு ஊருக்குத்தான் காணும்.
பிறகு மாத்தளன் வரை
ஓரத்தில் சின்ன எழுத்தில் போட்டேன்.
தடவை: எண்ணவில்லை.
வழிகாட்டி என்ற இடத்தில்
பங்கர் வெட்டியவரின் பெயரை எழுதி,
பிறகு அதை வெட்டினேன்.

படலையில் டோர்ச் வெளிச்சம்.
"பிள்ளை, கயிறு. மாடு வெளிக்கிட்டிட்டுது."
என் பாரம் இறுக்கிய முடிச்சு
விரலுக்கு மசியவில்லை.
தேவசகாயம் டோர்ச்சை என்னிடம் தந்துவிட்டுப்
பல்லால் இழுத்தார்.
அங்கால், யாருடைய கச்சான் தோட்டத்துக்குள்ளோ,
அவசரமில்லாமல் மேயும் சத்தம்.