ஒரே வண்டி

மூன்று கம்ப்யூட்டர், மூன்று விசிறிச் சத்தம்.
ஒன்றுக்குள் எறும்பு வேறு.
ஒன்றாக்கித் தரச் சொன்னார்
புளியரை லாரி ஆபீஸ் மைதீன் பிச்சை.

கோருக்கு இவ்வளவு என்று லைசென்ஸ் கேட்டவனை
"ஜன்னலை எண்ணியா வாடகை வாங்குவான்?"
என்று அனுப்பிவிட்டார்.
இலவசமானதை இறக்கினேன்;
ஆரியங்காவு டவரில் விட்டு விட்டு வந்தது.

பில் போடுவது பழைய எக்ஸ்பி.
எழுதிய பெனடிக்ட் ஷார்ஜாவில்,
மூலநிரலும் அவனோடு.
சீல் உடையாமல் சரக்கை வண்டி மாற்றுகிற மாதிரி
முழுசாகத் தூக்கிப் புது இரும்புக்குள் வைத்தேன்.
இடம் மாறியது தெரியாமல்
வழக்கம்போல் தேதி கேட்டது.

முதல் பில்:
வைக்கோல், புனலூர், இருநூறு கட்டு.

"இது படுத்தா?"
"மூணும் படுக்கும்."

செக்போஸ்ட்டில் சாய்ந்து நின்ற லோடைப் பார்த்தபடி
"எல்லாத்தையும் ஒரே வண்டியிலயா ஏத்தினே?" என்றார்.

எறும்பு இருந்த பெட்டியைத்
துடைக்க ஆரம்பித்தேன்.