சந்தா பாக்கி

ஆசீர் செத்தது ஆடி மழையில்.
குன்னூர் ஆஸ்பத்திரியிலிருந்து ஏறி வந்த ஜீப்பைக்
கோத்தகிரியில் கோயில் வாசலில் நிறுத்தி
பெட்டியின் மேல் தார்ப்பாய் இழுத்துக் கட்டிவிட்டு
ஆபீசுக்குள் போனேன்.
செயலாளர் பேரேட்டைத் திறந்தார்.
விரலை நாக்கில் தொட்டுத் தொட்டுப் புரட்டினார்.
பதினாலு மாசம் பாக்கி.
அவன் படுத்துக் கிடந்த அதே பதினாலு மாசம்.
"விதி நான் போட்டதில்லம்மா."
உண்மைதான். நல்ல மனிதர்.
என் கல்யாணத்தில் பந்தி பரிமாறியவர்.
இருபத்திரண்டு வருஷம் பாடகர் குழுவில்
ஆசீர் பேஸ் பாடியதற்கு
அந்தப் பேரேட்டில் பத்தி இல்லை.

காதில் கிடந்த அரைப் பவுன் கம்மலைக்
கடைவீதி சேட்டிடம் வைத்தேன்.
அன்றைக்கு ரசீது இரண்டு,
ஒன்று அடகுக்கு, ஒன்று சந்தாவுக்கு.
மூன்று மணிக்குக் குழி கிடைத்தது.
ஐயர் ஜெபம் அழகாகத்தான் செய்தார்.

அப்புறம் அங்கே வாய் திறக்க வரவில்லை.
பாட்டு எழும்பும்.
அவன் குரல் இருந்த இடம்
அடியில் பள்ளமாகக் கிடக்கும்.
கால் இடறி
இரண்டாம் வரியிலேயே நின்றுவிடுவேன்.

தகரக் கொட்டகைச் சபைக்குக் கூட்டிப்போனவள்
ஃபேக்டரியில் என்னோடு தூள் சலிக்கும் பியூலா.
ட்ரம்ஸ், தம்புரு, வேர்வை வாசனை.
என் கை என்னைக் கேட்காமல் தட்டியது.
பொய் சொல்வானேன்,
நாலு மாசத்துக்கப்புறம்
உடம்பில் சூடு வந்தது அங்கேதான்.

மூன்றாம் ஞாயிறு பாஸ்டர் ரூபன்
மைக்கில் என்னைக் காட்டினார்:
"இந்தச் சகோதரியின் காதைப் பாருங்கள்.
யாரும் சொல்லாமலே பொன்னை வெறுத்தவள்!"
தகரம் அதிர்ந்தது ஸ்தோத்திரத்தில்.
தலை குனிந்தேன்.
அதையும் தாழ்மை என்றார்கள்.

அடகு ரசீது கைப்பையில்,
வேதாகமத்துக்குள், ரூத்தின் சரித்திரத்தில்
மடித்தபடி வட்டி தின்றுகொண்டிருந்தது.

ஒரு வருஷம் நான் சாட்சி.
மற்ற பெண்கள் என்னைப் பார்த்துக் கழற்றினார்கள்.
பியூலாவின் மகள் ஷைனி, பதினாறு வயசு,
அழுதுகொண்டே திருகைச் சுற்றினாள்.
என்னைப் பார்த்துத்தான்.
அன்றைக்கு ராத்திரி
தகரத்தில் பனி சொட்டுவதை எண்ணிக்கொண்டு கிடந்தேன்.

தீபாவளி போனஸில் மீட்டேன்.
துளை பாதி தூர்ந்திருந்தது.
கண்ணாடி முன்னால் பல்லைக் கடித்து
ஏற்றினேன்.
சீலையில் ஒரு சொட்டு ரத்தம்.

ஞாயிறு எழுந்து சொன்னேன்,
"இது வெறுத்த பொன் இல்லை.
அடகு வைத்த பொன்.
என் புருஷனைப் புதைக்க."
தம்புரு வைத்திருந்தவள் அதை மடியில் கவிழ்த்தாள்.
"பின்மாற்றம்" என்றார் பாஸ்டர்,
மெதுவாக. நிஜமான வருத்தத்தோடு.
அப்பத் தட்டு என் முன்னால் வந்து
நிற்காமல் பக்கத்துக்குப் போனது.
பியூலா குனிந்துகொண்டாள்.
ஷைனி மட்டும் திரும்பி
என் காதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது ஞாயிறுகளில்
கல்லறைத் தோட்டத்தில் உட்கார்ந்துகொள்கிறேன்.
மேலே மேட்டில் ஆர்கன் இழுக்கும்,
கீழே பள்ளத்தில் ட்ரம்ஸ் அடிக்கும்.
இரண்டும் மூடுபனிக்குள் முட்டிக்கொள்ளும்.
சுருதி அங்கிருந்து, தாளம் இங்கிருந்து.
ஒன்றுக்கொன்று சேராது.
ஆனாலும் என் வாய் ஒன்றை முணுமுணுக்கிறது,
என் கால் மற்றதைத் தட்டுகிறது.
ஆண்டவரே, உமக்கு எது கேட்கிறது?

போன வாரம் ஒரு காட்டெருமை
வேலியை மிதித்து உள்ளே வந்து
ஆசீரின் தலைமாட்டுப் புல்லை
நிதானமாக மேய்ந்துவிட்டுப் போனது.
சந்தா கட்டாத ஜீவன்.
நான் விரட்டவில்லை.

இந்த வருஷத்துச் சந்தாவை
முன்கூட்டியே கட்டிவிட்டேன், டிசம்பர் வரைக்கும்.
செயலாளர் முகம் மலர்ந்தார்,
"திரும்பி வந்துட்டீங்களா?"
இல்லை என்று சொல்லவில்லை.
அவன் பக்கத்தில் இடதுபுறம்
ஆறடி இடம் காலியாக இருக்கிறது.