கள்ள இணைப்பு

பதினான்கு நாளுக்கு ஒருமுறை, நாற்காலி எண் ஒன்பது.
வெளியே பரேல் மேம்பாலம்,
மழையில் நின்றுபோன ஒரு டெம்போ.
முதலில் பி.பி. பார்ப்பார்கள்.
நூற்றறுபதைத் தாண்டினால் அன்றைக்கு மருந்து கிடையாது.
அதனால் மேதா சிஸ்டர் வந்து போகும்வரை
நான் யாரையும் திட்டுவதில்லை.

டாக்டர் நாட்கர்ணி
என் ரிப்போர்ட்டின் பின்பக்கம் வரைந்து காட்டினார்.
கடுகளவுவரை அது சும்மா கிடக்கும்.
அதற்குமேல் ரத்தம் வேண்டும்.
பக்கத்து நாளத்துக்கு ஆள் அனுப்பும்:
இங்கே ஒரு கிளை போடு.
நாளமும் நம்பிவிடும்.
நல்ல நாளம்தான், என்னுடையதுதான்,
கேட்டால் கொடுத்துப் பழகியது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
என் வீட்டுக்காரர் ஞானதுரை,
எஃப் நார்த் வார்டு, தண்ணீர்ப் பிரிவு, இருபத்துமூன்று வருடம்.
பெரிய குழாயின் விலாவில் துளைபோட்டு
ராத்திரியோடு ராத்திரியாக இழுத்த
அரை இஞ்சுக் குழாய்களை அறுப்பது வேலை.
சாக்கடைக்குள் ஓடும், கக்கூஸ் சுவருக்குள் ஓடும்,
ஒன்றின்மேல் ஒன்று ஏறி முடிச்சிட்டுக் கிடக்கும்,
சைக்கிள் ட்யூப் சுற்றிய மூட்டெல்லாம் கசியும்.
டாக்டரின் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு
அவர் சொன்னது ஒன்றே ஒன்று:
'பிளம்பர் சரியில்லை.'

நான் வளர்ந்ததே அந்தத் தண்ணீரில்.
கோலிவாடா, தண்டவாளத்துப் பக்கம், எண்பத்தாறு.
அப்பா தோண்டினார், அம்மா டார்ச் பிடித்தாள்,
ஆறு வயது நான் முனையில் நின்று
போலீஸ் வருகிறதா என்று பார்த்தேன்.
நாலரைக்கு யாரோ 'பாணி ஆலா' என்பார்கள்.
முதல் குடத்தின் சத்தம்
கனத்துத் தொடங்கி, கழுத்துக்கு வர வரக் கீச்சிடும்.

அதனால் யாராவது
இந்தக் கட்டியை ஆக்கிரமிப்பு என்றால்
எனக்கு வாய் கசக்கிறது.
நாங்கள் குடித்தோம். யாரையும் தின்னவில்லை.
எட்டுக் குடம், அவ்வளவுதான்.
பிறகு அம்மா குழாயில் துணியைச் சுருட்டி அடைத்து
அடுத்த வீட்டைக் கூப்பிடுவாள்.
இதற்குப் போதும் என்று சொல்லத் தெரியவில்லை.
வித்தியாசம் அதுதான். வேறு எதுவும் இல்லை.

பை சொட்டுகிறது. பார்க்கத் தண்ணீர் மாதிரியே.
இது எதையும் அறுக்காதாம்.
வழியில் நின்று
அது அனுப்பும் ஆளைப் பிடித்து வைத்துக்கொள்ளுமாம்.
கோணல் குழாய்கள் உதிர்ந்து
மிச்சம் கொஞ்சம் நிமிர்ந்தால்
அடுத்த பையின் விஷம் ஒழுங்காக உள்ளே போகுமாம்.
பட்டினி போடவும் வேண்டும், விருந்து வைக்கவும் வேண்டும்.
எவ்வளவு நாள் என்றேன்.
எட்டு மாதம், பத்து மாதம்,
அதற்குள் அது வேறு வழி தேடிக்கொள்ளும் என்றார்.
தெரியும்.
இவரும் ஒவ்வொரு வெயிலுக்கும் அதே சந்துக்குத்தான் போகிறார்.

ஒருமுறை அறுத்துவிட்டு வந்து சாப்பிடவில்லை.
அந்த வீட்டுப் பெண் சண்டை போடவில்லையாம்.
குழாயில் மிஞ்சியதை டம்ளரில் பிடித்து
அவரிடமே நீட்டினாளாம்.
குடித்தீர்களா?
தாகமாக இருந்தது என்றார்.

புடலங்காய் நறுக்கும்போது விரலில் பட்டது,
பத்தொன்பது நாளாக ஆறவில்லை.
புது நாளம் கூடாது என்று உடம்புக்குச் சொன்னால்
புண்ணுக்கும் அதே உத்தரவு.
காலையில் மூக்குத் துடைத்தால் கைக்குட்டையில் சிவப்பு.

கீழே அவர் நின்றிருந்தார், ஷூ முழுக்கச் சேறு.
பையை வாங்கிக்கொண்டார்.
விரலைப் பிடித்து, பிளாஸ்டரைப் பிரித்து,
மூட்டு கசிகிறதா என்று பார்க்கும் அதே பார்வை.
'இன்னும் காயவில்லை' என்றேன்.
'நல்லது' என்றார்.

பிறகு, சொன்னது என்னவென்று புரிந்து,
பஸ் வரும்வரை
விரலை விடவும் இல்லை, பேசவும் இல்லை.