பாதிக் கணக்கு

யூமாவில் ஜூலை.
கார்க் கதவைக் கைக்குட்டை சுற்றித் திறக்கிறார் லைல்.
நூற்றுப் பதினைந்து என்கிறது வங்கி வாசல் பலகை,
அதுவும் நிழலில் நிற்கிற பலகை.

எனக்கு ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர்.
சூப்பும் அதற்குள், மாத்திரை விழுங்கும் மடக்கும் அதற்குள்,
பீச் பழத்தைக் கடித்தால் வழிவதும் அதற்குள்.
ஐஸ் மட்டும் பாதிக் கணக்கு என்றாள் ஹிமேனா,
டயாலிசிஸ் ஊசிமேல் டேப்பை அழுத்திக்கொண்டே.
ஒரு கப் ஐஸ் உருகினால் அரைக் கப் தண்ணீர்தானாம்.
சிறுநீரகம் இரண்டும் கைவிரித்த பிறகு
எனக்குக் கிடைத்த ஒரே தள்ளுபடி.

ஃப்ரீசர் தட்டில் உறைவது பெரிய கட்டி.
வாயில் போட்டால் கன்னம் புடைக்கிறது,
போதாததற்கு லைல் பிடித்து வந்த கெளுத்தியின் வாசம்.
அதனால்தான் கடைக்கு வந்தோம்.

விற்பனைப் பையன் பிரைஸன்,
சட்டைப் பையில் மூன்று பேனா.
'ஆறு நிமிடத்தில் ஒன்பது கட்டி,
ஒரு நாளைக்குப் பன்னிரண்டு கிலோ!
நிறைய விருந்து கொடுப்பீர்களா மேடம்?
பார்த்தாலே தெரிகிறது' என்று
ஐஸ் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றே
எனக்கு ஐஸ் வைத்தான்.

லைலிடம் அது பலிக்காது.
முப்பத்தோரு வருடம் குளிர்க்கிடங்கில்
ப்ரோக்கோலிப் பெட்டிகளுக்குள் ஐஸ் கூழ் பாய்ச்சியவர்.
மூன்று மெஷினிலிருந்தும் ஒவ்வொரு துண்டு கேட்டார்.
நடுக்கடையில், வாயை மூடி,
கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார்.
குழந்தை வண்டி தள்ளி வந்த ஒருத்தி
சுற்றிக்கொண்டு போனாள்.

பொடி ஐஸ்: நாற்பது நொடி.
நடுவில் குழி விழுந்தது: ஒன்றே முக்கால் நிமிடம்.
கண்ணாடி போலத் தெளிந்த சின்னச் சதுரம்:
நாலு நிமிடம் தாண்டியும்
ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளிக்கொண்டே
விரலை உயர்த்திக் காட்டினார், 'இன்னும் இருக்கிறது.'

விலை நூறு டாலர் கூட. சத்தமும் கூட.
எனக்கோ அந்தப் பொடி ஐஸ்தான் வேண்டும்.
கடிக்க வேண்டும் எனக்கு,
பல்லுக்கடியில் எதையாவது நொறுக்க வேண்டும்.
'அது நாற்பது நொடி, வெர்னா.'
'நாற்பது நொடி கடிப்பேன்.'
'அப்புறம்?'
அப்புறம் என்ன என்று இரண்டு பேருக்கும் தெரியும்.
பிரைஸன் தன் பேனாக்களை எண்ணினான்.

சண்டை போடவே தெம்பில்லாத செவ்வாய்க்கிழமை அது.
தெளிந்த சதுரம் சமையல் மேடைக்கு வந்தது,
டோஸ்டரை ஓரம் தள்ளிவிட்டு.
முதல் தட்டைக் கொட்டிவிடச் சொல்கிறது கையேடு.
கொட்ட மனம் வராமல்
ஓலியாண்டர் செடியின் அடியில் வைத்தேன்.
திரும்பிப் பார்ப்பதற்குள் மண் ஈரம் மட்டும்.

இரவு இரண்டு மணிக்கு
தடதடவென்று விழுகிறது ஒரு தட்டு.
யாரோ பல்லைக் கொட்டியது போல.
எழுந்து போய் ஒன்றே ஒன்று எடுத்துக்கொள்கிறேன்.
கடிக்கக் கூடாது என்பது ஒப்பந்தம்.

அப்படி எழுந்த ஒரு இரவில்தான்
கராஜில் விளக்கைப் பார்த்தேன்.
பெயிண்ட் டப்பாக்களுக்கு நடுவே நின்று
குழாய்த் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தார் லைல்,
பெரிய டம்ளர், வெதுவெதுப்பாக,
தொண்டை ஏறி இறங்குவது கேட்கக் கூடாதென்று
சின்னச் சின்ன மடக்காய்.
எத்தனை மாதமோ.

ஒன்றும் சொல்லவில்லை.
சமையலறைக்குத் திரும்பி
டம்ளர் நிறையச் சதுரங்களைப் போட்டேன்,
தண்ணீர் ஊற்றினேன், அவர் கையில் கொடுத்தேன்.
'இங்கே நின்று குடி. சத்தமாக.'

அவர் குடித்தார்.
ஐஸ் ஐஸோடு மோதியது.
நான் என் ஒற்றைக் கட்டியை வாயில் ஒதுக்கி,
பிறகு,
நறுக்கென்று கடித்தேன்.