எட்டு லிட்டர்

மேசைவிரிப்பின் மேலேயே வரைந்துவிட்டாள் யாஸ்னா.
காகிதம் தேட யாருக்கும் பொறுமை இல்லை.
கொயாய்கே, உப்புக் குப்பி.
தெற்கே கடைசி ஊர் வில்லா ஓ'ஹிக்கின்ஸ்,
மேசை முடிந்து துணி தொங்கத் தொடங்கும் இடம்.
நீலப் பேனா கிடைக்காததால்
ஒயின் கோப்பை விட்டுப்போன ஈர வளையத்தையே
ஏரி என்று ஒப்புக்கொண்டோம்.

ஜனவரி. இரவு ஒன்பதரைக்கும் ஜன்னலில் வெளிச்சம்.
மாத்தே குடுவை கைமாறிக் கைமாறி வருகிறது.
பேச்சுக்கு அந்த ஒழுங்கு இல்லை,
எல்லோரும் ஒரே நேரத்தில்.

ஏழு பேர், ஏழு வண்டி.
"ஒரே நாளில் கொக்ரானே போய்விடலாம்"
என்கிறார் பல் மருத்துவர் எலியேசர்.
அவர் டேங்க் முப்பது லிட்டர்,
ஆசைக்கும் அதே கொள்ளளவு.
மரித்ஸா பிஸ்கட்டை ஒடித்து
வழிநெடுக வைத்துக்கொண்டே போகிறாள்:
இங்கே பெட்ரோல். இங்கே பெட்ரோல்.
இதற்கப்புறம் இருநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்
கல், தூசி, கடவுள்.

நொல்பெர்த்தோ வண்டியில் எட்டு லிட்டர்தான்.

மேசை கொஞ்ச நேரம் சும்மா இருந்தது.
தபால்காரர் ஒருவரிடம் வாங்கிய மஞ்சள் வண்டி,
பக்கவாட்டில் உரிந்தும் உரியாத முத்திரை.
அவர் காதுமடல் சிவந்தது.
"நான் வேண்டுமானால்
செர்ரோ கஸ்தியோவிலேயே திரும்பிவிடுகிறேன்."

யாரும் பதில் சொல்லவில்லை.
யாஸ்னா போட்ட கோட்டை அடித்துவிட்டு
மறுபடி வரைந்தாள்.
அவர் வண்டி எங்கே தாகமெடுக்குமோ
அங்கெல்லாம் ஏழு பேருக்கும் தாகம்.
மூன்று நாள் ஐந்து நாளானது.
கூடுதல் கேனைத் தூக்கிவர வேண்டியவர் எலியேசர்.
முணுமுணுத்தார். பிறகு
கேன் என்ன நிறம் என்று கேட்டார்.

அப்புறம் விதிகள்.
முன்னால் போகிறவரின் தூசிக்குள் நுழையாதே.
வலது கால் நீண்டால் வலப்பக்கம் குழி.
திருப்பத்தில் நில்; பின்னால் வருகிறவர்
உன் கண்ணாடியில் விளக்காகும்வரை நகராதே.
அவரவர் பொறுப்பில் ஒரே ஓர் ஆள்.
"அப்போ கடைசி ஆளுக்கு?" என்றேன்,
கடைசி ஆள் நான் என்பதால்.
"உனக்கு மலை" என்றாள் யாஸ்னா.
பகல் படகைத் தவறவிட்டால்
சாயங்காலம்வரை கரையில் மழையோடு சீட்டாட்டம்,
அதையும் எழுதிக்கொண்டோம்.

எங்கெங்கே நின்று பார்ப்பது என்று
ஆளுக்கொரு பெயர் சொன்னபோதுதான்
மரித்ஸாவுக்கு நினைவு வந்தது.
"நொல்பெர்த்தோ, பதினாறு வருஷம்
இந்தச் சாலையில் கிரேடர் ஓட்டுகிறீர்கள்.
எங்கே அழகு?"

குடுவையை உறிஞ்சி முடித்தார். சத்தம் வரும்வரை.
"தெரியாதே.
பிளேடுக்கு முன்னால் மூன்று மீட்டர் தெரியும்.
எந்த வளைவு ஏப்ரல் மழைக்குக் கரையும்,
எந்தக் கல் வெயிலேறினால் உருளும்,
கேளுங்கள், சொல்கிறேன்.
ஏரி இடப்பக்கம் இருக்கிறது என்பார்கள்."

"சாப்பிட நிற்கும்போது?"

"கேபினுக்குள்தான். கண்ணாடி முழுக்கத் தூசி."

சிரித்தோம், அவரும்தான்.
பிறகு கடுகளவு பிஸ்கட் துகள் ஒன்றை
விரல்நுனியில் ஒற்றியெடுத்து
ஈர வளையத்தின் ஓரத்தில் வைத்தார்.
"இங்கே ஒரு திட்டு இருக்கிறது. சமமாக இருக்கும்.
ஏழு வண்டி தாராளமாக நிற்கும்."

வரைபடத்தில் அப்படி ஒன்றும் இல்லையே?

"இல்லை. யாரும் போடச் சொல்லவில்லை.
பிளேடு ஒருநாள் கொஞ்சம் ஓரமாகப் போனது.
அப்புறம் ஒவ்வொரு வருஷமும் போனது."

யாஸ்னா அங்கே ஒரு புள்ளி வைத்தாள்,
பெயர் எழுதவில்லை.

தேதி இன்னும் முடிவாகவில்லை.
மரித்ஸாவுக்கு இரவுப் பணி,
எலியேசரிடம் யாருடைய பல்லோ பாதியில் நிற்கிறது.
விரிப்பைத் துவைக்கக் கூடாது என்பது மட்டும்
ஏகமனதாக நிறைவேறியது.

வெளியே வண்டிகள் ஒவ்வொன்றாக உறுமிப் போயின.
நொல்பெர்த்தோ உதைக்கவில்லை இன்னும்.
டேங்க் மூடியைத் திறந்து
கிணற்றை எட்டிப் பார்ப்பதுபோல் குனிந்தார்.
இருட்டு. ஒன்றும் தெரிந்திருக்காது.
இரண்டு கையாலும் வண்டியை மெதுவாக ஆட்டினார்.
உள்ளே அலையடித்தது.