சிலை பந்தோபஸ்து

நாளை அவருக்கு நூறாவது பிறந்த நாள்.
இன்றிரவு எனக்குச் சிலை டியூட்டி.
கடலூர் ஓ.டி., மீன் லாரி திரும்பும் முக்கு.
பிளாஸ்டிக் நாற்காலி, லத்தி,
கொசுவர்த்தி வைக்க ஒரு கொட்டாங்குச்சி.
கூண்டுச் சாவி என் இடுப்பில்.

சேர்மன் பாடலீசன்
கம்பிக்குள் நின்று கையை நீட்டுகிறார்
துறைமுகத்துப் பக்கம்.
கப்பல் வரும் என்கிறாராம், ஒரு கட்சிக்கு.
அவனைச் சுடு என்கிறாராம், இன்னொரு கட்சிக்கு.
விரல் என்னவோ ஒன்றுதான்.

எட்டு மணிக்கு மாலை கட்டுகிறவர் வந்து
கம்பிக்கு வெளியே நின்று கழுத்தை உத்தேசித்துப் போனார்.
ஒன்பதரைக்கு பைக்கில் மூன்று பையன்கள்,
நடுவில் இருந்தவன் மடியில் உரச்சாக்கு.
பிரித்தால் செருப்பு மாலை.
பதினோரு ஜோடி, எல்லாம் தேய்ந்தவை,
ஒன்றில் மட்டும் வார் புதுசு.
மூவருக்கும் இருபது வயதிருக்காது.
அவர் செத்து நாற்பது வருஷம்.
"உங்க வீட்டுல யாருடா செத்தது?"
"தாத்தாவோட அண்ணன்" என்றான் ஒருவன்,
நேற்று எடுத்த பிணம் மாதிரி.

நடுநிசி தாண்டி, ஐஸ் கம்பெனி ஷிப்டு முடித்து
டீயோடு வந்தான் பிகாஷ், ஒடிசாக்காரன்.
"யாரு அக்கா இவரு? நல்லவரா?"

ஒரு வரியில் சொல்லத்தான் பார்த்தேன்.

தாசில்தாரை நாற்காலியோடு தூக்கிவந்து
எங்கள் குப்பத்து மணலில் உட்காரவைத்து
கையெழுத்து முடியும்வரை
மோர் மட்டும் கொடுத்தவர்.
அம்மா பெயரில் இரண்டே முக்கால் சென்ட்.
சுனாமி அன்று அம்மா
வேறெதையும் எடுக்காமல்
அந்தப் பட்டாவோடு ஓடினாள்.

அதே மனுஷன்தான் அப்பா வேலை பார்த்த
மருந்து கம்பெனிக்குக் கல் நாட்டியது.
ஒண்ணாம் தேதி சம்பளம் வந்தது.
கிணற்றில் தண்ணீர் மஞ்சளாய் வந்தது.
அப்பாவின் இருமல் இரண்டு தெருவுக்குக் கேட்டது.
இருமி இருமிச் சாகும்வரை அப்பா
சுவரிலிருந்து அவர் படத்தை இறக்கவிடவில்லை.
பட்டா வாங்கிய அம்மாவோ
அதற்கு ஒருநாளும் பூ வைத்ததில்லை.
இது எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

மூட்டை தூக்குகிறவர்கள் ஸ்டிரைக்கில்
போலீசைக் கூப்பிட்டது சேர்மனா, கலெக்டரா,
அதில்தான் ஐம்பது வருஷத் தகராறு.
சுட்டது யாரென்பதில் தகராறே இல்லை.
அதே காக்கிதான் நான் போட்டிருப்பதும்.
பிகாஷிடம் அதைச் சொல்லவில்லை.

ஒருதரம் இவரைப் பெயர்த்துக் கெடிலத்தில் போட்டார்கள்.
கல்லோடு கட்டிக் கடலில் தள்ளியும்
மிதந்து கரையேறியவரைக் கும்பிடும் ஊர் இது.
இவர் மிதக்கவில்லை. சிமெண்டு.
பெருவெள்ளம் வடிந்த மாசம்
சேற்றுக்கு மேலே அந்த விரல் மட்டும்.
முதலில் பார்த்து, இறங்கி, கயிறு கட்டியவன்
போட்டவர்களில் ஒருத்தன்.
ஏண்டா என்று கேட்டதற்கு
"அப்புறம் யாரைத் திட்டறது?" என்றானாம்.

பிகாஷ் பொறுமையாகக் கேட்டான்.
"நல்லவரா, சொல்லலியே" என்று
டம்ளரை வாங்கிக்கொண்டு போனான்.

நாலரைக்குக் கூண்டைத் திறந்து
தோளில் காக்கை எச்சம் துடைத்தேன்.
கிட்டத்தில் பார்த்தால் மூக்கு அவர் மூக்கே இல்லை,
படத்தில் வேறு மாதிரி.
இறங்கி டைரி எழுதினேன்:
சிலை நல்ல நிலையில் உள்ளது.
அசம்பாவிதம் இல்லை.
கைப்பற்றிய செருப்பு இருபத்திரண்டு.

விடியும்போது அந்தப் பையன் தனியாக வந்தான்.
"அக்கா, புது வார் போட்ட ஜோடி மட்டும்.
அப்பாவோடது. வேலைக்குப் போவணும்."

முடிச்சு அவிழ்க்க வரவில்லை.
பல்லால் கடித்துக் கொடுத்தேன்.
சிலையை நிமிர்ந்து பார்க்காமல் போனான்,
பார்க்கவில்லை என்பது தெரியும்படி.

இருபத்திரண்டை அடித்து
இருபது என்று திருத்தி,
பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டேன்.