பூவுக்கு ஒன்று

காரைக்குடி புத்தகக் கண்காட்சியில்
நாற்பது ரூபாய்க்கு வாங்கிய படக்கதை.
பன்னிரண்டு பக்கம், ஒரு கீரிப்பிள்ளை.
பந்தைக் கூடையில் போடும், கரடியைப் பெட்டியில்.
"எல்லாத்துக்கும் ஒரு வீடு இருக்கு" என்று
கடைசிப் பக்கத்தில் கொட்டாவி விடும்.

ஏழு இரவு வாசித்தேன்.
ஏழு இரவும் உமையாள்
கீரிப்பிள்ளைக்குக் கைதட்டிவிட்டு
சொப்புச் சாமான்களுக்கு நடுவிலேயே
தூங்கிப்போனாள்.

எட்டாம் நாள்
வங்கியிலிருந்து வந்து கதவைத் திறந்தால்
வீட்டில் சத்தமே இல்லை.
ஆத்தங்குடிக் கல் பதித்த தரை.
கல்லுக்கு ஒரு பூ,
பூவுக்கு ஒரு சாமான்:
சொப்பு அடுப்பு, ஒற்றைக் காலுறை,
என் சார்ஜர், பாதி உரித்த பூண்டு,
காதறுந்த யானை.
எதுவும் கோட்டைத் தாண்டவில்லை.
கீரிப்பிள்ளைக்கும் ஒரு பூ கிடைத்திருந்தது,
அட்டை மூடி, முகம் மேலே பார்க்க.

"எல்லாம் அதது வீட்டுல இருக்கு" என்றாள்.
அவள் அப்பச்சி
சோற்றுத் தட்டோடு அடுப்படி வாசலிலேயே
நின்றுகொண்டிருந்தார்,
அரை மணி நேரமாக.

செருப்பைக் கழற்றிவிட்டுக்
கால் வைக்க இடம் தேடினேன்.
சன்னலோரம் இரண்டு பூ காலி.
ஒரு காலைத் தூக்கியிருப்பேன்.

"அது உனக்கில்ல" என்றாள்.
"நாளைக்கு வர்றதுக்கு."